ஹீட்டர் ஓரத்துக் கிட்டார்

ஜனவரி 11

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரித்தபோது வீட்டில் இருந்தவர்கள்: நான், நம் வாலு, உங்கள் தம்பி, பிரார்த்தனைக் கூடத்துப் பாட்டு வாத்தியார். ஆக நான்கு பேர். இதை முதலில் எழுதக் காரணம் இருக்கிறது. எனக்கென்று நீங்கள் எழுதியது நான்கு பேர் காதிலும் விழுந்துவிட்டது. மகள் என்ற உரிமையில் வாலுதான் பிடுங்கி உரக்கப் படித்தாள். 'நீ வாங்கி அனுப்பிய பேஸ் கிட்டார் கையைக் கிழிக்கிறது, கடைக்காரி நன்றாக உன் தலையில் கட்டிவிட்டாள்' என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மற்ற இருவரும் பார்த்தார்கள். நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

நான் கண்ணை மூடிக்கொண்டு பொருள் வாங்குகிறவளா? புதுத் தட்டு வாங்கினாலே விளிம்பைச் சுற்றி விரல் ஓட்டாமல் வாங்க மாட்டேன். அந்தக் கிட்டாரின் கழுத்தையும் அப்படித்தான் மேலிருந்து கீழே வரை இரண்டு ஓரமும் தடவிப் பார்த்தேன். கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் கம்பிகளுக்கு ஃப்ரெட் என்று பெயர் என்பதுகூட எனக்கு அன்றைக்குத் தெரியாது. ஆனால் ஒரு முனைகூட விரலில் இடறவில்லை, அது தெரியும். கடைக்காரம்மா, "ஏம்மா, கிட்டார் வாங்க வந்தீங்களா, மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா?" என்று கேட்டதும் நன்றாக நினைவிருக்கிறது. அப்படிப் பார்த்து வாங்கி, போர்வையில் சுற்றி, உங்கள் அறை நண்பர் விடுமுறை முடிந்து திரும்பும்போது அவர் தோளில் ஏற்றி அனுப்பினேன். உங்கள் பழைய கிட்டார் கூடத்துக்குச் சொந்தம் என்று விட்டுவிட்டுப் போனீர்களே, வெறுங்கையோடு இருக்கிறீர்களே என்றுதான் அனுப்பினேன். கையைக் கிழிப்பதற்கு இல்லை.

வாத்தியார் உங்கள் கட்சியும் பேசவில்லை, என் கட்சியும் பேசவில்லை. "அவருக்கு வேலை செஞ்சு செஞ்சு கை கரடாயிருக்கும்மா, எது பட்டாலும் கிழிக்கும்" என்றார். அதற்கு உங்கள் தம்பி, "இன்னும் ரெண்டு வருஷம் அங்கயே இருந்தா கை இரும்பாயிடும் அண்ணி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். என்ன இரண்டு வருடம் என்று கேட்டேன். மீதியைக் காப்பியோடு விழுங்கிவிட்டார்.

எந்தக் கை, எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று எழுதவும். படம் எடுத்து அனுப்ப வேண்டாம். படத்தில் நீங்கள் சிரித்துவிடுவீர்கள், எனக்கு ஒன்றும் தெரியாமல் போகும். போனில் கேட்டால் 'ம்' என்கிறீர்கள். அந்த 'ம்'மை நான் எந்தக் கணக்கில் எழுதுவது?

இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது. ஒழுகிக்கொண்டிருந்த குழாயை மாற்றியாயிற்று. வாலு ஒழுங்காகப் படிக்கிறாள். ஆண்டவர் கிருபையால் குறை ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


ஜனவரி 24

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தபோது அறையில் இருந்தவர்கள்: நான், என் கட்டிலுக்கு மேல் கட்டிலில் குறட்டை. ஆக ஒன்றரைப் பேர், ஏனென்றால் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். கிட்டாரைத் தோளில் சுமந்து வந்த புண்ணியவான் அவன்தான். அதனால் அவன் குறட்டையை இப்போதெல்லாம் நான் பொறுத்துக்கொள்கிறேன்.

கடைக்காரி உன் தலையில் கட்டிவிட்டாள் என்று எழுதியது தப்புதான். வலியில் எழுதினேன். நான்கு பேர் நடுவில் அது படிக்கப்படும் என்று கண்டேனா?

இடது கை. ஆள்காட்டி விரலுக்கு அடியில், உள்ளங்கை ஆரம்பிக்கிற இடம். மேல் சுரத்திலிருந்து கீழ்ச் சுரத்துக்குக் கையை இழுத்தால் ஒவ்வொரு ஃப்ரெட்டின் முனையும் ரம்பத்தின் பல் மாதிரி பிடிக்கிறது. வந்த புதிதில் இப்படி இல்லை. அதுதான் எனக்கும் விளங்கவில்லை. வெண்ணெய் மாதிரிதான் வழுக்கியது. நாளாக நாளாகப் பல் முளைத்துவிட்டது.

காயம் பெரிதில்லை. ஆனால் அது திறந்த நேரம் சரியில்லை. என் சலவை ஆலை வேலை உனக்குத் தெரியும். விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைச் சூட்டு உருளைக்குள் கொடுக்க வேண்டும், அந்தப் பக்கம் ஒருவன் பிடிப்பான். போன வாரம் ஒரு விரிப்பு அந்தப் பக்கம் போனபோது ஓரத்தில் வரிசையாகச் சிவப்புப் பொட்டு. மேற்பார்வையாளர் ஆலையையே நிறுத்தினார். காய் வெட்டும்போது கத்தி பட்டது என்று சொல்லிப் பார்த்தேன். "கத்தி இல்ல சார், அவரோட கிட்டார் கடிச்சிருச்சு" என்று குறட்டை காட்டிக்கொடுத்துவிட்டான். இப்போது ஆலை முழுக்க எனக்கு அதுதான் பெயர்: கிட்டார் கடித்தவன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், நான் கிட்டாரைக் கவனிக்காமல் விடவில்லை. இங்கே வெளியே நடந்தால் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டிய குளிர். உள்ளே ஹீட்டர் ராத்திரி பகலாக ஓடுகிறது. காலையில் எழுந்தால் உதடு வெடித்திருக்கிறது, சட்டையைக் கழற்றினால் சடசடவென்று பொறி பறக்கிறது. அது நம் ஊரிலிருந்து வந்த பொருள், குளிர் தாங்காது என்று நான் அதை ஜன்னலடியில் ஹீட்டருக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைத்திருக்கிறேன். அறையில் கதகதப்பான இடம் அதுதான். என் காலுக்குக்கூட அந்த இடத்தைக் கொடுத்ததில்லை.

தம்பி ஏதாவது உளறியிருப்பான். அதை விடு.

வீட்டில் எல்லாம் சரியாக இருப்பது சந்தோஷம்.

வாலுவின் அப்பா


பிப்ரவரி 5

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

கிட்டாரை முதலில் ஹீட்டர் பக்கத்திலிருந்து எடுங்கள். எடுத்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

உங்கள் கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். வாலுவும் வந்தாள், நான் கடையில் சத்தம் போட்டால் பார்க்க வேண்டுமாம். சத்தம் போடுகிற எண்ணத்தோடுதான் போனேன், மறைக்க என்ன இருக்கிறது? கடைக்காரம்மா ஒரு வயலினுக்குக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "கிட்டார் கழுத்துல குறுக்க பதிச்ச கம்பி முனையெல்லாம் நீட்டிக்கிட்டு நிக்குது, அவர் கை கிழிஞ்சிருச்சு" என்றேன்.

"அவர் எங்க இருக்காரு?"

"வெளிநாட்ல."

"குளிர் ஊரா? ஹீட்டர் போடுவாங்களா?"

உங்கள் கடிதத்தில் ஹீட்டர் வந்த இடத்தைப் படித்துக் காட்டினேன். அவர் வயலினைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் கிட்டாரை அப்பளமா காய வச்சிருக்காரே! கம்பி வளரலைம்மா. கம்பி எப்படி வளரும்? மரம் மெலிஞ்சிருச்சு. காத்துல ஈரம் இல்லாத எடத்துல மரம் உள்ளுக்குள்ள வத்திப்போகும். கம்பி இருந்த அளவுலயே இருக்கும். அதான் வெளிய நீட்டுது."

உண்மையைச் சொன்னால் எனக்குப் பாதி நிம்மதி. என் விரல் பொய் சொல்லவில்லை. வாங்கும்போது அது வழவழப்பாகத்தான் இருந்தது. மீதிப் பாதி என்னவோ போல இருந்தது. இங்கே நன்றாக இருந்த ஒன்றை நான்தானே போர்வை சுற்றி அங்கே அனுப்பினேன்.

அவர் சொன்னதை விடாமல் எழுதுகிறேன். சோப்பு டப்பாவில் ஓட்டைகள் போட்டு, நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சை வைத்து, கிட்டாரோடு உறைக்குள் போட்டு மூட வேண்டும். சொட்டக் கூடாது. ஸ்பாஞ்சு காய்ந்தால் மறுபடி நனைக்க வேண்டும். சில வாரம் பொறுமையாக இருந்தால் மரம் கொஞ்சம் கொஞ்சமாக ஊறும். அவசரப்பட்டு ஈரத்துணியைக் கழுத்தில் சுற்றிவிட வேண்டாம், கோணிக்கொள்ளும் என்றார். உங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அவராகவே யூகித்துக்கொண்டார்.

அப்படியும் அடங்காத முனைகளுக்கு இன்னொரு வழி. மரத்தின்மேல் காகித டேப் ஒட்டிவிட்டு, தட்டையான சின்ன அரத்தைக் கழுத்தோரமாகப் படுக்கவைத்து நீட்டலைத் தேய்ப்பது, பிறகு அரத்தைக் கொஞ்சம் சாய்த்து முனையை மழுக்குவது, கடைசியில் நைஸ் உப்புத்தாள். மரத்தில் அரம் பட்டால் அந்தத் தழும்பு போகாது.

"நான் அவருக்கு எந்த வழியை எழுதட்டும்?" என்று கேட்டேன். அப்போதுதான் அவர் ஒரு கேள்வி கேட்டார். அதையும் அப்படியே எழுதுகிறேன்.

"அவர் அங்கயே இருக்கப் போறாரா, திரும்பி வரப் போறாரா?"

"அதுக்கும் இதுக்கும் என்னங்க?"

"இருக்குதே. அங்கயே இருக்கப் போறாருன்னா தேய்ச்சிரட்டும், மரமும் அந்த ஊருக்குப் பழகிக்கும். வரப் போறாருன்னா அரமே வேணாம். இங்க வந்து கொஞ்ச நாள் நம்ம காத்தைக் குடிச்சா மரம் தானா ஊறி மூடிக்கும். தேய்ச்சிட்டுக் கொண்டாந்தா, மரம் ஊறுறப்ப கம்பி உள்ள வாங்கிக்கும். கெட்டுடாது. ஆனா ஓரத்துல விரல் வைக்கிற எடமெல்லாம் பள்ளம் பள்ளமா தட்டுப்படும்."

வாலு என்னைப் பார்த்தாள். நான் கடையின் கடிகாரத்தைப் பார்த்தேன், நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டேன்.

கடைக்காரம்மாவின் கேள்விக்கு நீங்களே பதில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை. உங்களுக்கு எது நல்லது என்று உங்களுக்குத் தெரியும்.

கையில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது. மேல் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டேன். குறை ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


பிப்ரவரி 18

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

எடுத்துவிட்டேன். ஹீட்டர் பக்கம் இப்போது என் கால்தான் இருக்கிறது.

சோப்பு டப்பா வைத்தியம் நடக்கிறது. குறட்டை தினமும் வேலை முடிந்து வந்ததும் உறையைத் தட்டி, "நோயாளி எப்படி இருக்கார்?" என்று கேட்கிறான். நேற்று விரல் ஓட்டிப் பார்த்தேன். முன்னளவு இல்லை, ஆனாலும் இடறுகிறது. அறையே வறண்டு கிடக்கும்போது ஒரு டப்பா ஈரம் என்ன செய்யும்? கை ஆறிவிட்டது.

உனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கு இருக்கிறது. கோபப்படாமல் படி.

தம்பி உளறவில்லை. மார்ச்சோடு என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். மார்ச் இருபதுக்குள் சொல்ல வேண்டும். அவனிடம் சொல்லிவிட்டு உன்னிடம் சொல்லவில்லை என்று நீ நினைப்பாய். அவனிடம் சொல்வது சுலபம். 'சரிண்ணே' என்பான், அவ்வளவுதான். உன்னிடம் சொன்னால் நீயும் 'சரி' என்று எழுதிவிடுவாயோ என்று பயம். அதனால்தான் சொல்லவில்லை.

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரே வரி. எல்லாம் சரியாக இருக்கிறது, குறை ஒன்றும் இல்லை. முதலில் அதைப் படித்தால் நிம்மதியாகத் தூக்கம் வரும். இப்போது அந்த வரி வந்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிடுகிறேன். குழாய் மாற்றியாயிற்று. ஸ்டூல் வாங்கியாயிற்று. மேல் அலமாரி டப்பாவை எடுத்துக் கொடுக்கக்கூட நான் வேண்டாம். குறையே இல்லாத வீட்டுக்கு வந்து நான் என்ன செய்வது சொல்லு? விருந்தாளி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பதா?

இன்னொன்று. போன மாதம் வாத்தியாருக்குப் போன் செய்தேன். பாட்டுக் குழுவில் பேஸ் வாசிக்க ஆள் இல்லாமல் கஷ்டமா என்று கேட்டேன். "அதெல்லாம் இல்ல, ஒருத்தர் வாசிக்கிறாங்க, நல்லாவே ஒப்பேத்துறாங்க" என்றார். யார் என்று கேட்க வாய் வரவில்லை. நீயும் எழுதவில்லை. அந்தத் தூணுக்குப் பக்கத்தில் என் இடத்தில் யாரோ நிற்கிறார்கள். நிற்கட்டும். கூடம் யாருக்காகவும் காத்திருக்க முடியாதுதான். ஆனால் இந்த அறையில் நான் கண்ணை மூடி வாசிக்கும்போது நிற்பது அந்தத் தூணுக்குப் பக்கத்தில்தான். அங்கிருந்து பார்த்தால் மூன்றாவது வரிசையில் உன் தலை தெரியும். பாட்டு முடிவதற்குள் நீ கண்ணைத் திறந்துவிடுகிறாயா என்று பார்ப்பேன். திறந்ததே இல்லை நீ.

நேற்று அரம் வாங்கினேன். உப்புத்தாளும் வாங்கினேன். கழுத்து முழுக்கக் காகித டேப் ஒட்டிவிட்டேன். குறட்டை விளக்கைப் பிடித்துக்கொண்டு, "தேய்ங்கண்ணே, எதுக்கு இவ்வளவு யோசனை? கம்பிதானே" என்றான். அரத்தைத் திருப்பிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

தேய்க்கட்டுமா, வேண்டாமா? உனக்கு எது நல்லதென்று தெரியும் என்று மறுபடியும் எழுதாதே. நீ சொல்.

வாலுவின் அப்பா


மார்ச் 1

அன்புள்ள உங்களுக்கு,

இதை எழுதும்போது வீட்டில் இருப்பவர்கள்: நான் மட்டும். வாலுவை உங்கள் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் தூணைப் பற்றி. கூடத்தில் பேஸ் வாசிப்பது நான்தான்.

சிரிக்க வேண்டாம். சிரித்தாலும் பரவாயில்லை, ஆனால் முழுவதும் படியுங்கள். நீங்கள் போன பிறகு வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் கூடத்துக்கு வர ஆரம்பித்தார். பேஸ் வாசிக்கத் தெரியும், அந்த இடம் காலியாகத்தானே இருக்கிறது என்று வாத்தியாரிடம் கேட்டார். நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது. வாத்தியார் தலையாட்டப் போகிற நேரம். நான் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். "நான் வாசிக்கிறேன்" என்று யாரோ சொல்வது கேட்டது. பார்த்தால் நான்தான், கையில் துடைப்பத்தோடு.

நீங்கள் கூடத்தில் விட்டுப்போன பழைய கிட்டாரை வீட்டுக்குக் கொண்டுவந்து, கதவைப் பூட்டிக்கொண்டு நானாகவே பழகினேன். விரல் நுனியெல்லாம் கொப்புளம். நான் வாசிப்பது இரண்டு கம்பியில்தான். "அம்மா, கம்பி நாலு இருக்கு, மத்த ரெண்டும் கோவிச்சுக்கப் போகுது" என்கிறார் வாத்தியார். வாலு, "நீ அதை மாட்டிக்கிட்டு நின்னா மார்க்கெட்டுக்குப் பை எடுத்துட்டுப் போற மாதிரியே இருக்கும்மா" என்கிறாள். தாளம் தவறினால் கண்ணை மூடி ஜெபிப்பதுபோல் நின்றுவிடுவேன், யாருக்கும் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும். அவர் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் உங்கள் இடத்தில் நான் நிற்பதில்லை. தூணுக்கு ஓர் எட்டு தள்ளி, சுவரோரமாகத்தான் நிற்கிறேன். உங்கள் இடத்தில் ஒருவரும் நிற்கவில்லை. அங்கே ஒரு நாற்காலியை இழுத்துப் போட வந்தவரிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

இதை ஏன் எழுதவில்லை என்றால், எழுதினால் மற்றதையும் எழுத வேண்டிவரும். கணக்கில் வரவும் செலவும் நேரான பிறகுதான் கோடு போடுவேன், உங்களுக்குத் தெரியும். கடிதத்தையும் அப்படியே எழுதிவிட்டேன். நேரானதை மட்டும் எழுதினேன். தொலைவில் இருப்பவரின் சோற்றில் ஏன் கல்லைப் போட வேண்டும் என்று நினைத்தேன். அது உங்களை விருந்தாளியாக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நேராகாததை இப்போது எழுதுகிறேன். குளியலறைத் தாழ்ப்பாள் போன மழைக்குப் பிறகு விழுவதில்லை, கயிறு கட்டி வைத்திருக்கிறேன். ஸ்டூல் வாங்கினேன், அது ஆடுகிறது, ஏறப் பயம், மேல் டப்பா மேலேயே இருக்கிறது. அதில் என்ன வைத்தேன் என்பதும் மறந்துவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோர இடம் எப்போதும் எனக்கே கிடைக்கிறது, அதற்குச் சண்டை போட ஆள் இல்லாததால் அதில் ஒரு ருசியும் இல்லை. கதவைப் பூட்டிவிட்டு வந்து படுத்தால் "பூட்டுனியா? இழுத்துப் பாத்தியா?" என்று ஒரு குரல் கேட்கும் அல்லவா, அது அப்போது எனக்கு எவ்வளவு எரிச்சல்! இப்போது அதை நானே எனக்குக் கேட்டுக்கொண்டு, நானே எழுந்து போய் இழுத்துப் பார்க்கிறேன். வாலு தன் சிநேகிதியிடம், "எங்க அப்பா போட்டோல நல்லா சிரிப்பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பற்றி அவளுக்குச் சொல்ல அதுதான் இருக்கிறது.

கூடத்தில் நான் கண்ணைத் திறப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் பார்ப்பது தெரியும். தெரிந்துதான் திறக்கவில்லை. திறந்தால் நீங்கள் பார்ப்பதை நிறுத்திவிடுவீர்களே.

தினமும் ஜெபத்தில் உங்கள் உடம்புக்குச் சுகம் கேட்டேன், உங்கள் வேலையைக் கேட்டேன், அந்த மேற்பார்வையாளருக்கு நல்ல மனதைக்கூடக் கேட்டேன். நீங்கள் திரும்பி வர வேண்டும் என்று மட்டும் கேட்டதில்லை. கேட்டால் பேராசை என்று நினைத்தேன். ஆண்டவரிடம் கேட்காததை உங்களிடம் எப்படிக் கேட்பது? நேற்று அவரிடம் கேட்டுவிட்டேன். இன்று உங்களிடம் கேட்கிறேன்.

தேய்க்க வேண்டாம். டேப்பை மெதுவாக உரித்துவிடுங்கள். அரத்தைக் குறட்டைக்குக் கொடுத்துவிடுங்கள், அவர் எதையாவது தேய்த்துக்கொள்ளட்டும். முனைகள் எப்படி இருக்கின்றனவோ அப்படியே கொண்டுவாருங்கள். இங்கே காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை, துவைத்த துணியே இரண்டு நாளாகக் காயாமல் கொடியில் தொங்குகிறது. மரம் தன்பாட்டுக்குக் குடிக்கட்டும். மூடிக்கொள்ளும்வரை நீங்கள் வாசிக்க வேண்டாம், நான் வாசிக்கிறேன். நீங்கள் தூண் பக்கத்தில் சும்மா நில்லுங்கள்.

இருபதாம் தேதிக்கு முன்னால் அவர்களுக்குச் சொல்ல வேண்டுமென்றால், எனக்கு அதற்கும் முன்னால் சொல்லுங்கள். போனில் 'ம்' வேண்டாம். பதில் சீக்கிரம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கணக்குப்பிள்ளை